கோளாம்பியில் வைத்த பூ

தக்கலைப் பக்கம் பழைய சாமான் கடையில் அந்தப் பித்தளைக் கோளாம்பியைப் பார்த்ததும் விட மனசில்லை. வெற்றிலை துப்புகிற பாத்திரம்தான். ஆனாலும் அகன்ற வாயும் ஒடுங்கிய இடுப்புமாக என்ன அழகு! அதை வைப்பதற்கென்றே, இடித்த வீட்டுப் பலாக் கதவு ஒன்றை வாங்கி, நானே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முக்காலி செய்தேன். கோளாம்பி நிறைய நந்தியாவட்டைப் பூ.

பூதப்பாண்டியிலிருந்து அத்தை வந்தாள், வாய் நிறைய வெற்றிலையோடு. பூவையெல்லாம் எடுத்துத் தரையில் போட்டாள். கோளாம்பியைக் காலடியில் இறக்கி, முக்காலியில் உட்கார்ந்து, துப்பினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பித்தளை விளிம்பில் பட்டு எழுந்த அந்தச் சத்தம்! அப்பா வயலிலிருந்து வந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீடு முழுக்கச் சொல்கிற சத்தம் அது. கேட்டு எத்தனை வருஷமாயிற்று. அவருடைய பதினாறாம் நாள் கழிந்ததும், அருவருத்து, அவர் கோளாம்பியைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தவள் நான்தான்.

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஒங்கப்பாக்க கோளாம்பி எங்க மக்கா?"

நான் குனிந்து, தரையில் கிடந்த பூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினேன்.