உயிர்ச் சரக்கு

நெம்மேலிக்குப் பக்கத்துக் குப்பத்தில் சிங்கி இறால் என்றால் வச்சலாதான். மீசை ஒடிந்தால் வெளிநாட்டில் வாங்க மாட்டார்கள் என்று, வலையில் சிக்கிய ஒவ்வொன்றையும் தன் கையாலேயே பிரித்தெடுப்பாள். ஈர மரத்தூளில் படுக்கவைத்து, தெர்மாகோல் பெட்டியில் உயிரோடு சிங்கப்பூருக்கு அனுப்புகிற வேலை.

முன்பு வியாபாரிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி அரசு செத்த பிறகு சும்மா உட்கார முடியாமல், தமிழரசியையும் இன்னும் சில பெண்களையும் சேர்த்துக்கொண்டு தானே அனுப்பத் தொடங்கினாள். தாயில்லாத அரசுவை வளர்த்தவள் அவள்தான். ஏதோ வெள்ளைப் பவுடருக்குப் பழகி எலும்பும் தோலுமானவன், ஒருநாள் படகு மறைவில் விறைத்துக் கிடந்தான். அந்தப் பவுடர் வெளிநாட்டிலிருந்து சரக்கோடு சரக்காக வந்தது என்றார் போலீஸ்காரர். ஊரில் மாரடைப்பு என்று சொல்லி மூடிவிட்டாள் வச்சலா.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சரக்கை விமானத்தில் ஏற்றிவிடும் ஏஜெண்ட் ஜான்சனோடு விமான நிலையத்துச் சரக்குக் கூடத்தில் நின்றிருந்தாள்.

"எல்லாப் பெட்டியையும் பிரிக்கணும்" என்றார் சுங்க அதிகாரி சிவப்பிரகாசம். மீன் பெட்டிகளில் எதையோ ஒளித்து அனுப்புவதாகத் தகவல்.

ஜான்சன் பதறினான். "உயிர்ச் சரக்கு சார்! தொறந்தா சூடு ஏறிடும், ஃபிளைட்டும் நிக்காது. ஒண்ணு ரெண்ட பாத்துட்டு விடுங்க சார்."

"அப்படி விட்டதுலதான் போன தடவை தப்பிச்சுப் போச்சு." அவர் குரலில் கடுமை இல்லை, களைப்புதான் இருந்தது.

"பவுடரா சார்?" என்றாள் வச்சலா.

"ஆமாம்மா."

"ஜான்சா, நவுரு. சார் பாக்கட்டும்."

"இன்னாக்கா பேசற? எல்லாம் செத்துடும்!"

"தெரியும். நவுரு."

பெட்டிகளின் பட்டையை அவளே அறுத்துக் கொடுத்தாள். மரத்தூளைக் கிளறினார்கள், ஐஸ் பாட்டில்களை எடுத்து வெளியே வைத்தார்கள். கொஞ்ச நேரம் காற்றைத் துழாவிய மீசைகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. எந்தப் பெட்டியிலும் ஒன்றும் இல்லை. விமானம் போய்விட்டிருந்தது.

"பிரிக்காம பாக்குற மெஷின் கேட்டிருக்கோம்மா. இன்னும் வரல" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"ஒங்க மேல தப்பில்ல சார்." துவண்டுபோன ஒன்றை எடுத்து மறுபடி மரத்தூளில் படுக்கவைத்தாள்.

குப்பத்தில் தமிழரசி விடவில்லை. "நீ கட்டின பொட்டில இன்னா கீதுன்னு ஒனக்குத் தெரியாதா? சண்ட போடாம, நீயே அறுத்துக் குடுத்தியாமே! ஏன்டி?"

தன் பெட்டிக்குச் சண்டை போட்டால் எல்லாரும் போடுவார்கள், பவுடர் இன்னொரு அரசுவிடம் போய்ச் சேரும் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் செத்தவன் மானமும் போய்விடும். வச்சலா எழுந்து, சிங்கி விட்டுவைக்கும் தொட்டிகளைக் கழுவப் போனாள். பெண்கள் ஒவ்வொருவராகப் பழைய வியாபாரியிடமே போனார்கள். தொட்டிகளை விற்றுவிட்டு, கூடையில் மத்தி சுமக்கப் போனாள் அவள்.

அடுத்த வருஷம் ஜான்சன் போன் செய்தான். "அக்கா, மெஷின் வந்துட்ச்சி. பொட்டி அப்படியே உள்ள போயி வெளிய வருது, ஒரு மீசகூட ஒடியல. மறுபடி ஆரம்பிக்கலாமா?"

"யாரக் கூட்டிகினு ஆரம்பிக்கறது, நைனா?" என்றாள். பிறகு கேட்டாள்: "அதுல எதுனா மாட்டுச்சா?"

"மாட்டுச்சே. போன வாரங்கூட, எறா பொட்டில."

"நல்லது" என்றாள் வச்சலா. தம்பிக்கு வந்து சேர்ந்த சரக்கையும் இப்படி ஒரு மெஷின் பிடித்திருக்கக் கூடாதா என்று யாரிடம் கேட்பது? போனை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.