அன்லிமிடெட் தாலி

அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் கிருபைராஜுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் எதைப் பற்றியாவது கருத்து என்று ஒன்றைச் சொல்லி ஹூஸ்டன் வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. மழை வருமா என்று கேட்டால், "வரும்னும் சொல்லுதாங்க, வராதுன்னும் சொல்லுதாங்க" என்பார். கடைச் சுவரில் கோயில் காலண்டரும் சர்ச் காலண்டரும் ஒரே உயரத்தில் தொங்கும். ஸ்கேல் வைத்து அளந்து ஆணி அடித்த மனுஷன் அவர்.

கடையின் ஓரத்தில் ஒரு டி.வி.டி. அலமாரி உண்டு. இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆறு மாத விசாவில் வந்து, பிள்ளைகள் ஆபீஸ் போனதும் வீட்டில் அடைந்து கிடக்கிற அப்பா அம்மாக்கள் வாங்குகிறார்கள். பாஸ்வேர்டு கேட்காமல் படம் காட்டுகிற ஒரே பொருள் அதுதான். சாமியைத் திட்டாத, சாதியைத் தொடாத, யாரும் யாரோடும் ஓடிப்போகாத படங்கள் அலமாரியில் இருக்கும். கொஞ்சம் வில்லங்கமானவை கல்லாவுக்குக் கீழே. பெரிய வில்லங்கம் என்றால் பொன்னி அரிசி மூட்டைக்குப் பின்னால். அரிசி மூட்டைக்குப் பின்னால் போன படம் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இப்படிப் பிழைத்துக்கொண்டிருந்தவரிடம்தான் மகள் பிரீத்தா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஆஸ்டினில் சினிமா படித்தவள். அவளே எடுத்த முதல் படம், முப்பது டி.வி.டி. அட்டையில் ஏப்ரன் கட்டிய ஒரு பெண்ணின் முதுகு. மேலே ஆங்கிலத்தில் 'அன்லிமிடெட் தாலி'.

"டாட், சின்ன வயசுல சம்மர் முழுக்க இந்த ஷெல்ஃபைத் துடைச்சிருக்கேன். என் படம் இதுல இருக்கணும். கல்லாவுக்குக் கீழ இல்ல, அரிசிக்குப் பின்னாடி இல்ல. ஃப்ரன்ட்ல. சனிக்கிழமை வந்து பார்ப்பேன், ஓகே?"

"பாப்போம்மா" என்றார் கிருபைராஜ். அது அவர் அகராதியில் ஆமாம், இல்லை இரண்டுக்கும் பொது.

மறுநாளே யாரோ அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. அளவில்லாத தாலியாமே! ஒரு பெண்ணுக்கு எத்தனை தாலி? முதுகுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கழுத்தில் ஒன்றுமே இல்லை என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். பின்கழுத்தை மூடிக்கொண்டு ஏப்ரன் பட்டி இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஆறு தாலி என்று ஆரம்பித்த கதை, சாயங்காலத்துக்குள் பதினொன்றுக்குப் போயிருந்தது.

கோயில் கமிட்டியிலிருந்து பத்ரி போன் பண்ணினான். எண்ணெய்க் கம்பெனியில் என்ஜினீயர், எதற்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்திருப்பவன். "சார், உங்க பொண்ணுன்னு தெரியும். ஆனா இது சென்டிமென்ட் விஷயம். ஷெல்ஃப்ல வெச்சீங்கன்னா நாங்க பாய்காட் பண்ண வேண்டியிருக்கும்." அவன் வைத்த கையோடு தமிழ்ச் சர்ச்சிலிருந்து செல்வின் அங்கிள். "கிருபை, நம்ம ஆளுங்களும் தாலி கட்டுதோம்லா? சிலுவை போட்டுக் கட்டுதோம். அப்ப நமக்கும் அவமானம்தான?" எந்த விசேஷத்துக்கும் ஒன்றாக உட்காராத இரண்டு கூட்டமும் ஒரே பக்கத்தில் நின்றது கிருபைராஜின் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

படத்தை அவர் போட்டுப் பார்த்திருக்கலாம். டி.வி.டி. சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க ஸ்டோர் ரூமில் ஒரு பிளேயரும் டிவியும் உண்டு. ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் முடிவு பண்ண வேண்டும். அதனால் மனைவி ஜெயலீலாவிடம் போனார். கடையின் பின்பக்கத்தில் சாப்பாடு சமைத்து விற்கிற அடுக்களை அவளுடையது.

"லீலா, அது என்ன படம்டி? உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"மோசமா ஏதும் இருக்கா?"

"பாத்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு ஜெயலீலா வெங்காயத்தை நறுக்கினாள்.

கடைசியில் பத்ரிதான் வழி சொன்னான். கோயிலும் சர்ச்சும் சேர்ந்த கமிட்டி பார்க்கும், கமிட்டி தீர்மானிக்கும். கிருபைராஜுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. முடிவெடுக்க வேறு ஆட்கள் கிடைத்துவிட்டார்களே!

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டோர் ரூமில் பத்ரி ஒரு துவரம்பருப்பு மூட்டையிலும் செல்வின் அங்கிள் ஒரு இட்லி அரிசி மூட்டையிலும் உட்கார்ந்தார்கள். பத்ரி லேப்டாப்பைத் திறந்து ஆட்சேபம், நேரம், தீவிரம் என்று மூன்று கட்டம் போட்டுக்கொண்டான். படம் ஓடியது. அரிசி கழுவினார்கள். சாம்பார் கொதித்தது. அப்பளம் பொரிந்தது. பத்து நிமிஷம் கழித்தும் அப்பளம்தான் பொரிந்துகொண்டிருந்தது.

"தாலி எப்போ வரும்?" என்றார் செல்வின் அங்கிள்.

"வெயிட் பண்ணுங்க அங்கிள். பில்டப் பண்றாங்க."

இருபதாவது நிமிஷம் திரையில் ஒரு கை எவர்சில்வர் தட்டை எடுத்து வைத்து, சுற்றிலும் ஏழு கிண்ணங்களை அடுக்கியது. பத்ரி லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

"சார்... இது தாலி இல்ல. வடக்கத்திக்காரங்க தட்டுச் சாப்பாட்டுக்குச் சொல்ற தாலி."

"அடக் கடவுளே, நம்ம கடை போர்டு!" என்றார் கிருபைராஜ்.

உண்மைதான். 'வெள்ளிக்கிழமை அன்லிமிடெட் தாலி' என்று குஜராத்திக்காரர்களுக்காகக் கடை வாசலில் ஆங்கிலத்தில் பதினெட்டு வருஷமாகப் போர்டு தொங்குகிறது. தமிழர்கள் யாரும் அதைப் படித்ததில்லை. அவர்களுக்கு அது வெள்ளிக்கிழமை மீல்ஸ். கழுத்தில் தாலி தேடின டாக்டர்கூட வாராவாரம் அந்தப் போர்டுக்குக் கீழே நின்றுதான் மோர்க்குழம்பு வாங்குகிறார்.

"சாப்பாட்டுப் படம்! நல்ல பிள்ள. தாராளமா வைங்க" என்று செல்வின் அங்கிள் கையைக் குலுக்கினார். மீதியை இரண்டு பேரும் பார்க்கவில்லை. லஞ்ச் டைம் ஆகிவிட்டது.

கிருபைராஜ் தனியாக உட்கார்ந்து பார்த்தார். அவர் கடை அடுக்களைதான், அட்டையில் இருந்த முதுகும் ஜெயலீலாவுடையதுதான். நிம்மதியாகத்தான் பார்த்தார், நாற்பதாவது நிமிஷம் வரைக்கும்.

அங்கே மகளின் குரல் கேட்டது. "மா, நீ எப்போ சாப்பிடுவே?"

ஜெயலீலா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "வெள்ளிக்கிழமையா? கார்ல உக்காந்து பிரெட் சாப்பிடுவேன். காலையில நாலு மணியில இருந்து இதே வாசம், வாயில வைக்க முடியாதும்மா. அப்பாக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்ல, தேடினதும் இல்ல." அதன் பிறகு பார்க்கிங்கில் நிற்கிற அவருடைய காரே திரையில் வந்தது. உள்ளே ஜெயலீலா, மடியில் காய்ந்த பிரெட். முழுசாக மூன்று நிமிஷம் அதைக் காட்டினாள் பிரீத்தா, பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

கிருபைராஜுக்குக் காது சுட்டது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு ஒரு கருத்து வந்தது. இந்தப் படத்தை வைக்கக் கூடாது.

உடனே பத்ரிக்குப் போன் போட்டார். "தம்பி, கடைசியில கொஞ்சம் ஆட்சேபமா இருக்கு."

"என்ன சார்?"

"மத உணர்வு... கொஞ்சம் புண்படும் போல."

"எந்த மதம் சார்?"

கிருபைராஜ் யோசித்தார். "எல்லா மதமும்தான்."

"சார், நாங்க க்ளியர் பண்ணிட்டோம். க்ரூப்ல அப்ரூவ்டுன்னு போட்டாச்சு. நாப்பத்தோரு பேர் தம்ஸ் அப் போட்டிருக்காங்க. இப்போ நீங்க வெக்கலன்னாதான் தப்பா பேசுவாங்க."

என்ன அநியாயம் பாருங்கள்! சம்பந்தமே இல்லாதவர்கள் ஒரு வாரம் குதித்து அடங்கிவிட்டார்கள். அந்தப் படத்தை எதிர்க்க நியாயமுள்ள ஒரே ஆள் இவர்தான், இவருக்குத் துணைக்கு ஒரு கமிட்டி இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் போனார். மூட்டையை இழுத்தும் பார்த்தார். பிறகு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டரை மணிக்குக் கூட்டம் குறைந்ததும் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பார்க்கிங்குக்குப் போனார். டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. காருக்குள் ஜெயலீலா இருந்தாள், மடியில் பிரெட். கண்ணாடியைத் தட்டியதும் கதவைத் திறந்தாள்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?" என்றார், பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டே.

"நீங்க வெளிய வந்து பாத்திருக்கலாம்லா?"

அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"ஊரே பாத்துச் சிரிக்கும் லீலா. வைக்கட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு."

"கமிட்டிகிட்டக் கேட்டீங்க, இப்ப எங்கிட்டக் கேக்குதீங்க. நான் சொல்லமாட்டேன்" என்று பிரெட்டைக் கடித்தாள்.

சனிக்கிழமை பிரீத்தா வந்தபோது முப்பதும் அலமாரியின் முன்வரிசையில், வாசலைப் பார்த்து நின்றன. அவள் ஒன்றை எடுத்துப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, அதை அதே இடத்தில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து பத்ரி புளியும் மல்லிப்பொடியும் வாங்க வந்தவன், அங்கீகரித்தவன் என்ற உரிமையில் ஒரு டி.வி.டி.யையும் எடுத்துக் கல்லாவில் வைத்தான்.

"நாங்க பாதியில போயிட்டோமே. முழுசா பாத்தீங்களா சார்? எப்படி இருக்கு படம்?"

அடுக்களை வாசலில் ஜெயலீலா கரண்டியோடு நின்றாள். பிரீத்தா அலமாரிப் பக்கம் திரும்பித் தூசி துடைக்கத் தொடங்கினாள், ஆனால் பாதியிலேயே கை நின்றுவிட்டது.

"நல்ல படம் தம்பி" என்றார் கிருபைராஜ், மல்லிப்பொடியைப் பையில் போட்டுக்கொண்டே. "அதுல வர்ற புருஷன்தான் சரியில்ல."