யாரும் தொடாத போன்

என் வேலையே போனைச் சோதிப்பதுதான். சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனியில், லைனில் நகர்ந்து வரும் ஒவ்வொரு போனையும் எடுத்து, திரை எரிகிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, பட்டன் ஒழுங்காக அமுங்குகிறதா என்று பார்த்து அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவேன். என் கைக்கு வந்த போன்களில் ஒன்றில்கூட சிம் இருந்ததில்லை. பட்டனை அமுக்கினால் விழித்துக்கொள்ளும், விட்டுவிட்டால் பேசாமல் கிடக்கும். போன் என்றால் அவ்வளவுதான் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைதான் எனக்குத் திருடிப் பட்டம் வாங்கித் தந்தது.

நானும் அக்காவும் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி, எனக்கு முன்பே கம்பெனியில் சேர்ந்தவள். நான் தென்காசியிலிருந்து பெட்டியோடு வந்து பஸ் ஸ்டாப்பில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோது, "வா பிள்ள, எங்கூட தங்கிக்கோ" என்று கூட்டிக்கொண்டு போனவள். அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்கு நைட் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் அவள் ஏறும்போது நான் இறங்குவேன். அவள் சுருட்டி வைத்த பாயை நான் விரிப்பேன். சாயங்காலம் மட்டும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம், நிறையச் சிரிப்போம்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். நிச்சயமான கையோடு, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு ஸ்மார்ட்போன் கொடுத்தனுப்பினார். தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் நெட்டில் கூப்பிடுவார், முகம் பார்த்துப் பேசுவார்கள். அக்கா அதற்கென்றே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். காது மட்டும் அங்கேதான் இருக்கும்.

கேமரா வைத்த போனைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள். கேட்டில் கொடுத்து வைத்துப் போக அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் அறையிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போவாள். நான் பகலில் தூங்க வேண்டுமே என்று அதைச் சைலண்டில் போட்டு, திரை கண்ணில் அடிக்காமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அந்த நல்ல மனசுதான் எங்கள் இரண்டு பேரையும் பிறகு பாடாய்ப் படுத்தியது.

முதலில் ஒரு சாயங்காலம் பேச்சு பாதியில் நின்றது. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனார். போட்ட நெட் பேக் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தது. ஏதோ கணக்குத் தப்பு என்று கடையில் மறுபடி போட்டாள். அதுவும் சீக்கிரமே தீர்ந்தது. அதற்கடுத்ததும் அப்படியே ஆனது. காலையில் இருந்த நெட் சாயங்காலம் அவள் வரும்போது இருப்பதில்லை. அங்கே மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதை நெட் இல்லாமல், சாதாரணமாக நம்பருக்கே கூப்பிட்டுக் கேட்டார்.

"சாயங்காலமானா ஒன்னைய லைன்லயே பாக்க முடியல. யார்கூட ஊர் சுத்துத?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"ஏட்டி, பகல்ல நீ எதுவும் படம் கிடம் பாக்கியா? பாத்தா பாத்தேன்னு சொல்லு. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் எதுக்குக்கா ஒன் போன எடுக்கேன்?"

"அப்ப நெட்டு எங்க போகுது? காலு மொளச்சு நடந்தா போகுது?"

மறுநாள் போனுக்குப் பேட்டர்ன் லாக் போட்டாள். புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்தால்தான் திறக்கும். என் முன்னாலேயே, கையால் மறைத்துக்கொண்டு இழுத்தாள். அன்றைக்கும் நெட் தீர்ந்தது. "நான் போடும்போது எட்டிப் பாத்திருப்ப" என்றாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. எனக்குக் கோபம் வந்தால் பேச வராது, அழுகைதான் வரும். அழுதால் குற்றம் செய்தவள் மாதிரி ஆகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் என்னால் தூங்க முடியவில்லை. போனோடு தனியாக இருந்தால்தானே திருடி என்பாள், இருக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பஸ் ஸ்டாப்பில் காஞ்சிபுரம் பஸ்களை வேடிக்கை பார்ப்பேன். ஒருநாள் பஸ் ஏறிக் குன்றத்தூர் மலைக் கோயிலுக்கே போய் மண்டபத்தில் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தேன். கோயில் காவலாளி தட்டி எழுப்பி, "உடம்பு கிடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பெயர்தான் கெட்டுக் கிடந்தது. நான் வெளியில் சுற்றிய நாட்களிலும் நெட் தீர்ந்தது, ஆனால் அதைச் சொல்லிப் பயனில்லை. அறைச் சாவி என்னிடம்தான் இருந்தது.

தூக்கம் கெட்டால் லைனில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கர் பேசாத ஒரு போனை நல்ல போன் என்று தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, இன்னொரு தடவை இப்படி வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அறையும் போய் வேலையும் போய்த் தென்காசிக்குத் திரும்பினால் என்ன காரணம் சொல்வேன்? நெட்டைத் திருடினேன் என்று துரத்திவிட்டார்கள் என்று சொன்னால் என் அம்மாவுக்கு நெட் என்றால் என்னவென்றே தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா முன்னால் போய் நின்றேன்.

"லைன்ல ஒரே எடத்துல ரிஜெக்ட் வந்துக்கிட்டே இருந்தா என்ன செய்வாங்க? ஆள மாத்திப் பாப்பாங்க. ஆள மாத்தியும் வந்துச்சுன்னா ஆளு மேல தப்பில்ல. என்னைய மாத்திப் பாருக்கா. நாளைக்குப் போன ஓனரம்மாட்ட குடுத்துட்டுப் போ."

அக்கா யோசித்தாள். கம்பெனி வழக்கத்தைச் சொன்னதும் அவளால் மறுக்க முடியவில்லை. சரி என்று கடைக்குப் போய்ப் புது நெட் பேக் போட்டு வந்தாள்.

ஓனரம்மா கீழ் வீட்டில் இருந்தார். விவசாயக் குடும்பம், நிலம் கம்பெனிகளுக்குப் போனபின் மாடி கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் போனை வாங்கிச் சாமி அலமாரியில், படங்களுக்கு முன்னால் வைத்தார். "இங்க வெச்சா எவ தொட்ருவா? கண்ணு அவிஞ்சிடும்" என்றார். தூங்குவதற்கு அங்கே யாரும் இல்லை என்பதால் அக்கா சைலண்டையும் எடுத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அறையில் புரண்டுகொண்டே கிடந்தேன். இன்றைக்குப் பார்த்து நெட் தீராமல் இருந்துவிட்டால்? அதோடு என் கதை முடிந்தது, சாகும்வரைக்கும் நான் திருடிதான். அக்காவின் நெட் முழுசாகத் தீர்ந்துபோக வேண்டும் என்று குன்றத்தூர் முருகனை வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

அக்கா வந்ததும் மூன்று பேரும் சாமி அலமாரி முன்னால் நின்றோம். அவள் ஸ்டார் போட்டு நம்பரை அழுத்தினாள். மிச்சம் எவ்வளவு என்று திரையில் வர வேண்டும். மிச்சம் இல்லை என்று வந்தது.

நான் ஓனரம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்துவிட்டேன். அக்காவோ திகைத்துப்போய் ஓனரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பழைய பார்வை இப்போது இடம் மாறியிருந்தது.

"இன்னாமே அப்டிப் பாக்கற? நானா எட்த்தேன் உன் நெட்ட? எனுக்கு அத்த எப்டித் தொறக்கறதுனே தெரியாது."

"இல்லம்மா, நான் சும்மா..."

"காலைலேர்ந்து டிங்கு டிங்குனு கத்திகினே கீது. நிம்மதியா ஒரு வெளக்கேத்த வுடல. எவளோ ஒருத்தி கூப்ட்றானு வுட்டுட்டேன்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அறையில் அது எப்போதும் சைலண்டிலேயே கிடந்ததால் நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.

நான் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் அவள் நம்பருக்குச் சின்னதாக ஒரு நெட் பேக் போட்டுவிட்டு வந்தேன். ஓனரம்மா ஓர் அரிசி டின்னைக் கவிழ்த்துக் கூடத்து நடுவில் வைத்தார். "போன இதும் மேல வை. எல்லாரும் தள்ளிக் குந்துங்க. கைய மடியில வெச்சிக்கோங்க" என்றார். காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். போன் சும்மா கிடந்தது. பிறகு திரையின் மேல் ஓரத்தில் இரண்டு சின்ன அம்புகள் மேலும் கீழுமாக மினுக்கின. டிங் என்றது. அம்புகள் விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்தன. மறுபடியும் டிங்.

"அட, தானா துண்ணுது பாரு!" என்றார் ஓனரம்மா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை அழுதாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

லைனில் செட்டிங்ஸைத் திறந்து திறந்து பழகிய கை எனக்கு. அக்கா கோடு இழுத்துத் திறந்து தந்ததும் உள்ளே தேடிப் போனேன். எது எவ்வளவு நெட் சாப்பிட்டது என்று காட்டும் பக்கம் ஒன்று இருந்தது. எத்தனை போனைச் சோதித்திருக்கிறேன், அந்தப் பக்கத்துக்கு நான் போனதே இல்லை. சிம் இல்லாத போனில் அங்கே பார்க்க என்ன இருக்கும்? எல்லாவற்றையும்விட அதிகம் தின்றிருந்தது, மெசேஜ் அனுப்பும் ஆப்தான். அதற்குள் போனால் மாப்பிள்ளை வீட்டுக் குரூப். நிச்சயம் முடிந்ததும் புதுப் பெண் என்று அக்காவையும் அதில் சேர்த்திருந்தார்கள். அவள் மரியாதைக்கு ஒரு வணக்கம் போட்டதோடு சரி. அதில் வந்த வீடியோ எல்லாம் அவள் திறக்காமலே தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

எங்களைவிட ஓனரம்மாவுக்குத்தான் ஆர்வம். ஒவ்வொன்றையும் போடச் சொன்னார். ஊர்த் தேரோட்டம், பல் முளைக்காத குழந்தை சிரிப்பது, வெந்தயம் சாப்பிட்டால் வரும் நன்மை, யாரோ குளத்தில் வழுக்கி விழுவது. கடைசியில் மாப்பிள்ளையே வந்தார். சிங்கப்பூர் அறையில் லுங்கியோடு நின்று சாம்பார் வைப்பது எப்படி என்று நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார். அதேபோல் ரசம், அதேபோல் மீன்குழம்பு. குரூப்பில் அதிகமாக வீடியோ போட்டிருந்தவர் அவர்தான்.

"உன் நெட்ட துண்ணவன் இவந்தாமே" என்றார் ஓனரம்மா.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்னையப் போயிச் சொல்லிட்டனே பிள்ள. கூட இருக்கவளப் போயி..."

"விடுக்கா. ஒன்னைய அவரு சொன்னாரு, என்னைய நீ சொன்ன. எனக்குச் சொல்லுததுக்குக் கீழ ஆளில்ல."

குரூப்பைவிட்டு வெளியேறலாம் என்றேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே வெளியேறினால் மாமியார் என்ன நினைப்பார் என்று பதறினாள். அதனால் குரூப்பை விட்டுவைத்து, வீடியோ தானாக இறங்குவதை மட்டும் நிறுத்தினோம். மற்ற ஆப்கள் நமக்குத் தெரியாமல் பின்னால் ஓடுவதையும் நிறுத்தினோம். ஆப் அப்டேட் எல்லாம் வைஃபையில் மட்டும் என்று மாற்றினேன். சுங்குவார்சத்திரத்தில் அப்போது எங்களுக்கு எங்கே வைஃபை? ஆக, அப்டேட்டே கிடையாது. காலையில் போகும்போது டேட்டாவை அணைத்துவிட்டு, சாயங்காலம் அவர் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் போட வேண்டும் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கினேன்.

அன்று மாப்பிள்ளை கூப்பிட்டபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "திருடன் அகப்பட்டுட்டான்" என்று ஆரம்பித்தாள் அக்கா. அவர் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி இருந்தார். மறுபடி நெட் தீர்ந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லை, மனிதர் திகைத்துத்தான் போயிருந்தார். பிறகு மெதுவாக, "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சுக்காத" என்று சொல்வது படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் நான் அறைக்கு வந்தபோது அக்கா போயிருந்தாள். என் பாய் விரித்திருந்தது. தலையணைக்குப் பக்கத்தில், சார்ஜில் அவள் போன். எடுத்துப் பட்டனை அமுக்கினேன். கோடு இழுக்கச் சொல்லிக் கேட்கவில்லை, நேராகத் திறந்தது. லாக்கை எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். டேட்டா அணைந்திருந்தது. மேல் ஓரத்தில் அம்புகள் இல்லை. எங்கள் லைனில் வரும் போனைப் போலச் சும்மா கிடந்தது. வைத்துவிட்டுப் படுத்தேன்.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பக்கத்தில் போன் இல்லை. பழைய பயத்தில் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன். கீழே ஓனரம்மா வீட்டு வாசலில் அக்காவின் குரல் கேட்டது. என் தூக்கம் கெடக் கூடாதென்று அங்கே போய் உட்கார்ந்து மாப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தாள். "சத்தமா பேசாதீங்க, எந்தங்கச்சி தூங்குதா" என்றாள். நான் மறுபடியும் படுத்துக்கொண்டேன்.