குருவியின் பகல் தூக்கம்

தெருவில் எல்லாரும் அவனைக் குருவி என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒல்லிக்குச்சியாக இருந்தபோது ஒட்டிக்கொண்ட பேர். இருபத்தாறு வயதில், கதவுக்குள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு உடம்பு வந்த பிறகும் பேர் மாறவில்லை.

"இந்தக் குருவி உட்கார்ந்தா கிளை இல்ல, மரமே முறிஞ்சிடும்" என்று மாடி வீட்டுக்காரர் சிரிப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்காவின் தலை ஒரு சாண் நிமிரும். அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்தான். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் திரைச்சீலை தைக்க உட்கார்ந்தவள். அவள் மடித்துத் தைத்த ஓரத்தில் முதல் முழத்துக்கும் கடைசி முழத்துக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது.

குருவிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. மாவு மூட்டைகளைத் தூக்கி இயந்திரத்தில் கொட்ட வேண்டும். ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே ஜிம். ஒன்பது மணிக்கு வீட்டில் படுக்கை. பன்னிரண்டு வாரத்தில் ஆணழகன் போட்டி. அவன் மேடையேறப் போகும் முதல் போட்டி.

ஜிம் மாஸ்டர் ஒரு சாப்பாட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பது, பதினொன்றரை, இரண்டு, நாலரை, ஏழு. வேளைக்கு ஆறு முட்டை வெள்ளைக்கரு, வேகவைத்த கோழி. 'ஒரு வேளையும் தவறக் கூடாது' என்று அடியில் சிவப்புக் கோடு வேறு.

அக்கா தவற விடுவாளா? பதினொன்றரை அடித்ததும் தையலை நிறுத்திவிட்டுக் கிண்ணத்தோடு போய் நிற்பாள்.

"டேய் குருவி, எழுந்திரு."

"அஞ்சு நிமிஷம்க்கா."

"போட்டிக்கு வர்றவனுங்க அஞ்சு நிமிஷம் குடுப்பாங்களா? வாயைத் தொற."

நாலு தடவை உலுக்கினால்தான் எழுந்து உட்காருவான். கண்ணைத் திறக்காமலே மெல்லுவான். மெல்லும்போதே தலை சாயும். அவள் சிரித்துக்கொண்டே தாடையைத் தூக்கிப் பிடிப்பாள். பிறகு இரண்டு மணிக்கு, பிறகு நாலரைக்கு. ஒவ்வொரு வேளைக்கும் சீட்டில் ஒரு டிக்.

எட்டாவது வாரம் அவன் ஒரு நாள் சொன்னான்: "போன மாசம் தூக்கின எடை இப்ப அசையவே மாட்டேங்குதுக்கா."

சாப்பாடு போதவில்லை என்று அவள் முடிவு கட்டினாள். வேளைக்கு இரண்டு முட்டையைக் கூட்டினாள். அதைத் தின்ன நேரம் வேண்டுமே என்று பத்து நிமிடம் முன்னதாகவே எழுப்பினாள்.

பதினோராவது வாரம் முடிகிற அன்று, பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பளு தூக்கும்போது அவனுடைய இடது மார்புத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தன் பக்கம் குறை இல்லை என்று காட்ட அக்கா சீட்டை மறக்காமல் கொண்டுபோயிருந்தாள்.

"பாருங்க மாஸ்டர், ஒரு வேளை விடல. பகல்ல அசந்து தூங்குவான், நானே எழுப்பிக் குடுத்துடுவேன்."

"பகல்ல எதுக்கும்மா தூங்குறான்?"

"ராத்திரி வேலைக்குப் போறவன் பகல்லதானே தூங்கணும்?"

மாஸ்டர் சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ராத்திரி வேலையா? எட்டு மணி நேரம் தூங்குறேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணானேம்மா. தெரிஞ்சா போட்டிக்கு அனுப்ப மாட்டேன்னு மறைச்சிட்டான் போல. இது ராத்திரி தூங்குறவனுக்கு எழுதின சீட்டு."

அவள் நீட்டியிருந்த சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உடம்பு ஜிம்முல வளராதும்மா. தூங்கும்போதுதான் வளரும். அலுத்த தசைய தூக்கம்தான் சரிக்கட்டும். தூக்கம் மட்டும்தான் காரணம்னு டாக்டர் சொல்ல மாட்டார். ஆனா இவ்வளவு அசதியில அந்த எடையை நான் தொடவே விட்டிருக்க மாட்டேன்."

அவர் போன பிறகு அவள் எண்ணினாள். விடுமுறை நாள் போக, பகலில் எழுப்பிய டிக் மட்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

அறுவை சிகிச்சை நடந்தது. கை பிழைத்தது, அன்றாட வேலைக்கு ஆகும், மேடைக்கு இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டி நாளன்று அக்கா அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான்டா உன்னைக் கெடுத்தேன். தூங்க விட்டிருந்தா..."

"தூங்கினாத்தானே நீ கெடுக்கிறதுக்கு? எனக்குப் பகல்ல தூக்கமே வராதுக்கா. நீ எப்ப வருவேன்னு கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன்."

மாஸ்டரிடம் சத்தியம் செய்ததும் இதே குரலில்தான் இருந்திருக்கும். பகலில் அவன் குறட்டை தையல் இயந்திரத்தையும் மீறிக் கேட்கும். அது அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

"அப்படியா?" என்றாள் அவள். நல்ல கையால் அவன் போர்வையை இழுக்கத் தடுமாறினான். அவள் எட்டி அதைத் தோள் வரை ஏற்றிவிட்டாள்.