வேண்டாம் என்று சொன்ன வீடு

அந்தத் தெருவில் பழைய வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற கடை ஒன்று இருந்தது. கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இருந்ததுதான், ஆனால் அதைச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? எல்லோருக்கும் அவர் பார்ட்ஸ் அண்ணன். மோதி நசுங்கிய வண்டி வந்தால் முதலில் எண்ணெயை வடிப்பார், பேட்டரியைக் கழற்றுவார், பிறகு விளக்கு, கண்ணாடி, கதவு என்று வந்து கடைசியில் சங்கிலி போட்டு எஞ்சினைத் தூக்குவார். துரு ஏறிய நட்டைக்கூட ஊறவைத்து, மறை கெடாமல் கழற்றுகிற கை அவருக்கு.

கடை இருப்பதால் மட்டும் அந்தப் பெயர் வந்துவிடவில்லை. அவரிடம் பக்கக் கண்ணாடி வாங்கப் போகிறவன் கண்ணாடியோடு மட்டும் திரும்ப முடியாது. செத்த பிறகு உறுப்புகளைத் தானம் செய்கிறேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும்.

"தம்பி, இந்த வண்டியைப் பாரு. இனிமே இது ஓடாது. ஆனா இதோட எஞ்சின் வேற ஒரு வண்டியில ஏறி ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு தகர டப்பாவுக்கே இந்தக் கொடுப்பினை இருக்கு, உனக்கு இருக்கக் கூடாதா?" என்று ஆரம்பிப்பார். பேரம் பேச வந்தவன் பேரத்தை மறந்து தலையைச் சொறிவான்.

எதிர்க்கடை டீக்காரர் ஒருவர்தான் வெகு நாள் போக்குக் காட்டினார். "என் ஈரலா? அதை எடுக்கிற டாக்டருக்கே போதை ஏறிடும்ணே, விடுங்க" என்றார்.

"ஈரலை விடு. கண்ணு இருக்குல்ல? அதுலயுமா ஊத்தி வச்சிருக்க?"

சிரித்த சிரிப்பில் அவரும் போட்டுவிட்டார். இப்படித் தெருவில் பாதிப் பேரை மடக்கியாயிற்று. அத்தனை பேரை வளைத்த மனுஷனால் வளைக்க முடியாத ஒரே ஆள் அவர் வீட்டுக்குள் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சாதாரணத் தையல்காரியும் இல்லை. கழுத்துப் பட்டி ஒரு நூல் ஏறியிருந்தால்கூடப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "யாருக்கும்மா தெரியப்போகுது? அவசரம், கொடுங்க" என்று துணிக்கு வந்தவர்கள் கெஞ்சினால், "எனக்குத் தெரியுதே, நான் என்ன பண்ண?" என்பாள். தெருவில் இருந்த பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அவள் தைத்ததுதான். பிள்ளைகள் கிழித்துக்கொண்டு வந்து நின்றால் திட்டிக்கொண்டே, கிழிந்த இடம் தெரியாமல் தைத்துக் கொடுப்பாள்.

அவளை மடக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. இவர் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்பியதற்கும் அதே காரணம்தான். இருவருக்கும் மகனுக்குப் பிறகு ஒரு மகள் இருந்தாள்.

பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று தூக்கிக்கொண்டு போனார்கள். இதயம் ஊதிப்போயிருக்கிறது, மருந்தில் அடங்காது, மாற்று இதயம் ஒன்றுதான் வழி என்று பெரிய டாக்டர் சொன்னார். இன்னொருவர் வீட்டில் சாவு விழவேண்டும், விழுந்த வீட்டில் சரி என்று சொல்லவேண்டும், அது இவளுக்குப் பொருந்தவேண்டும். இப்படி ஒரு காத்திருப்பை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. யாரோ பெற்ற பிள்ளை சாகட்டும் என்றா ஒருவர் வேண்டிக்கொள்ள முடியும்? வேண்டிக்கொண்டார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுக்கவே அவர் பயந்தார். கை எண்ணெயாக இருக்கும்போது மணி அடித்துவிட்டால்? மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் மெஷின் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று மிதிப்பதை நிறுத்தி நிறுத்திக் காது கொடுப்பாள்.

ஒருநாள் அந்த டாக்டர், சொல்லக் கூடாததை வாய்தவறிச் சொல்லிவிட்டார். "ஒண்ணு வந்தது. கிட்டத்தட்ட பொருந்தியும் போச்சு. அந்த வீட்டுல வேண்டாம்னுட்டாங்க."

பார்ட்ஸ் அண்ணன் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்று, யார் எவர் என்று தெரியாத அந்த வீட்டைத் திட்டினார். சும்மா இல்லை. "மண்ணுக்குப் போறதைத்தானேடா கேட்டோம்! வச்சு என்ன பண்ணப்போறீங்க? நீங்க விளங்குவீங்களா? நாசமாப் போவீங்கடா!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். காவலாளி பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அதற்குப் பிறகு பாப்பா அதிக நாள் தாங்கவில்லை. கடைசியாக ஒரு ஆபரேஷன் செய்து பார்க்கிறோம் என்று உள்ளே கொண்டுபோனார்கள். துணி சுற்றித்தான் வெளியே கொடுத்தார்கள்.

குளிப்பாட்டும்போது அம்மா வேறு யாரையும் தொடவிடவில்லை. துணியை விலக்கினாள். கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் தையல். கோணி ஊசியால் மூட்டையைத் தைத்த மாதிரி, கறுப்பு நூலில், ஒன்று நெருக்கி ஒன்று விலக்கி. டாக்டர்களைக் குற்றம் சொல்லி என்ன? போகிற உயிரைப் பிடிக்க ஓடியவர்களுக்குத் தையலின் அழகா ஞாபகம் வரும்? ஆனால் பெற்றவளிடம் அந்த நியாயம் எடுபடுமா? அதுவும் ஒரு நூல் ஏறினாலே பிரித்துத் தைக்கிறவளிடம்? அவள் அழவில்லை. "எம்பிள்ளைய சாக்கு மூட்டை தைக்கிற மாதிரி தச்சிருக்காங்க பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒரே சாவு. அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒன்று, அவள் எடுத்துக்கொண்டது வேறொன்று. வேண்டாம் என்று சொல்கிற வீடு இனி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அவர் கிளம்பினார். இந்தக் குடும்பத்தில் வெட்டினது போதும் என்று அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எதை வேணா கொடுங்க, அது உங்க உடம்பு. என்னை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. நான் உங்க கடைக்கு வந்த வண்டி இல்ல" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நம்ம பாப்பாவுக்கு ஒண்ணு வந்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பியா?" என்று ஒருமுறை கேட்டே விட்டார்.

"வாங்கியிருப்பேன். ரெண்டு கையும் நீட்டி வாங்கியிருப்பேன். கொடுக்கிறதுக்குத்தான் கை வரல. நான் அவ்வளவுதாங்க, விடுங்க. என்னை முழுசா அனுப்பிடுங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். எனக்கு முன்னாடி நீ எங்கே போகப்போகிறாய் என்ற தைரியத்தில் பண்ணினார். அவர்தான் மூத்தவர், சர்க்கரை உள்ளவர். அவளுக்குத் தலைவலி மாத்திரைகூடத் தேவைப்பட்டதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம், கை மெஷினில் இருக்கும்போதே, "தலை வெடிக்குதுங்க" என்றாள். அவர் கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் துணிமேல் சாய்ந்திருந்தாள்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்றார்கள். மெஷின் வைத்து மூச்சு கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒரு டாக்டர் அவரையும் பெரியவனையும் கூப்பிட்டார். பெரியவன் என்பது மகன், சரக்கு வண்டி ஓட்டுகிறவன், பாப்பாவுக்கு அண்ணன். மூளைச்சாவு என்று டாக்டர் சொன்னதும் அது என்ன என்று மகன் அப்பாவிடம் கேட்கவில்லை. அந்த வீட்டில் அது தெரியாதவர் யார்? தெருவுக்கே பாடம் எடுத்தவர் ஆயிற்றே. நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும், ஆனால் ஆள் போய்விட்டார் என்று எத்தனை பேருக்குப் பொறுமையாக விளக்கியிருப்பார். அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அதில் ஒரு வார்த்தையைக்கூட அவரால் நம்ப முடியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்?

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவதுதான் அவளுக்கு வேலை. அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஐயா, நீங்களா?"

அவர் கூப்பிட்டு, தெருவில் வந்து பேசிவிட்டுப் போனவள்தான். கடைமுன்னால் நாற்காலி போட்டுக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தார். அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் வேறு யாரிடமும் பேசுவதைவிட இவரிடம் பேசுவது சுலபம் என்கிற ஒரு நிம்மதியும் முகத்தில் வந்தது. பாவம், அவளை என்ன சொல்வது?

"உங்களுக்கு நான் புதுசா என்ன ஐயா சொல்லப்போறேன். அம்மாவோட விருப்பம் என்னன்னு உங்களுக்குத் தெரியும். கிட்னி, ஈரல், கண்ணு எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நீங்க சரின்னா…"

பெரியவன் அப்பாவின் தோளைப் பிடித்தான். "சரின்னு சொல்லுங்கப்பா. பாப்பாவை நினைச்சுக்கிட்டு சொல்லுங்க."

அவருக்கு இரண்டும் தெரிந்தது. எங்கேயோ ஒருத்தன் போனைப் பையில் வைக்கப் பயந்துகொண்டிருக்கிறான். இங்கே இவள் முழுசாக அனுப்பு என்று கேட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள். மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போனவளுக்கு இனி என்ன தெரியப்போகிறது, இருக்கிறவன் பிழைக்கட்டும் என்று மனசு மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. வாயைத் திறந்தார்.

அவர் தயங்குகிறார் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். ஆறுதலாக, எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வதைச் சொன்னாள்.

"உடம்பைப் பத்திக் கவலையே படாதீங்க ஐயா. வெளியில தெரியாம நல்லா தச்சுக் கொடுத்துடுவாங்க."

ஊரெல்லாம் பேசிய மனுஷன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடுகிற வீட்டில் நின்று அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழுந்ததில்லை. இப்போது அதைக் கேட்டதும் பாப்பாவின் நெஞ்சில் ஓடிய கறுப்பு நூல்தான் கண்முன் வந்தது.

"வேண்டாம்மா" என்றார்.

"ஐயா?"

"வேண்டாம். அவளைத் தைக்க வேண்டாம். அப்படியே கொடுத்துடுங்க."

பெரியவனுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "என்னப்பா பேசுறீங்க? தெருவையே உட்காரவச்சுக் கையெழுத்து வாங்கினீங்களே, அதெல்லாம் எதுக்கு?"

"உங்கம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்டா."

"அம்மாவுக்கு சத்தியம். சரி. அப்போ பாப்பாவுக்கு?"

அவர் சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றார். மகன் செருப்பை உதறி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஊருக்குத்தான் உபதேசம் என்று நாளைக்கு நரம்பில்லாத நாக்குகள் பேசும். பேசட்டும், அவருக்கு அது உறைக்கப்போவதில்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறொன்று. அந்தப் பெண் வராந்தாவின் கோடியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பின்னால் போய் நின்றார்.

"ஆமா டாக்டர். வீட்டுல வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"அந்தப் பக்கம் யாரும்மா காத்துக்கிட்டிருக்கிறது? சின்னப் பிள்ளையா?"

"எனக்குத் தெரியாது ஐயா. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது."

"நான் வேண்டாம்னு சொன்னதை அவங்ககிட்ட சொல்லுவீங்கல்ல?"

"ஐயோ, இல்லீங்க ஐயா! நீங்க சரின்னு சொல்லியிருந்தாத்தான் அவங்களைக் கூப்பிடுவோம். இல்லைன்னா இப்படி ஒண்ணு நடந்ததே அவங்களுக்குத் தெரியாது. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவர் முகம் கோணிப்போயிற்று. அவள் கையைப் பிடித்துக்கொண்டார், எண்ணெய்க் கறை போகாத அந்தக் கையால்.

"சொல்லணும்மா. நான் அந்த வீட்டை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? நாசமாப் போகட்டும்னு திட்டினேன். அங்கயும் ஒருத்தன் இப்படித்தான் நின்னிருப்பான். எனக்கு அப்போ தெரியலையே. இப்போ எங்கேயோ ஒருத்தன் ஒண்ணும் தெரியாம போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் என்னைத் திட்ட வேண்டாமா? யாராவது திட்டுங்கம்மா. நீங்களாவது திட்டுங்க."

அவர் பிடித்திருந்த கையை அந்தப் பெண் இழுத்துக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, மெஷினை நிறுத்தப்போகிறார்கள், வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லிக் கூப்பிட்டாள்.