நர்சம்மா சுட்ட சுக்கோன்

ஜெஸிக்குச் சமைக்க வராது என்பது கள்ளக்குறிச்சியில் அவர்கள் தெருவுக்கே தெரியும். அவள் கணவர் டென்னிஸ் சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் எழுத்தர். காலையில் அவர்தான் இட்லி ஊற்றி, குழம்பு வைத்து, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டுவார். ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் சின்னசேலத்துக்கும், இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஜெஸி கல்வராயன் மலைக்கும் பஸ் ஏறுவார்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு துணைச் சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகூட சற்று யோசித்த பிறகுதான் அழும். அப்படிப்பட்ட கை, அடுப்படிக்கு வந்தால் மட்டும் பறக்கும். வெங்காயம் வதங்குவதற்குள் தக்காளியைக் கொட்டிவிடுவாள்.

இதெல்லாம் தெரிந்தும், மகள் மெர்லின் சென்னையில் வேலைக்குச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஓர் ஓவன் வாங்கி அனுப்பினாள். அது பிரிட்ஜுக்கு மேலே பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. உள்ளே கரண்ட் பில்லும் கேஸ் ரசீதும் பத்திரமாக இருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த மெர்லின் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"இன்னாமா இது, மாதா சுரூபம் வெக்கிற மாடமா? ஒரு நாளாவது மூட்டினியா?"

"எனக்கு இன்னா செய்யத் தெரியும்?"

"ஸ்கோன் செய்யி, பன்னாட்டம் ஒண்ணு. இருக்கறதுலயே அதான் ஈஸி. மைதா, வெண்ண, சர்க்கர, பேக்கிங் பவுடர், பால். யார் செஞ்சாலும் வந்துடும்."

ஜெஸி செய்தாள், வரவில்லை. சப்பாத்திக்குப் பிசைவதுபோல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்திருந்தாள். டென்னிஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார். "நல்லாதான் கீது. ஆணி அடிக்கலாம்" என்றார்.

"பெசையவே கூடாதும்மா" என்றாள் மெர்லின். "வெண்ணய வெரல் நுனியால மாவுல உதுத்து வுடணும், புட்டு மாவாட்டம். பால் ஊத்தி ஒண்ணா சேந்திச்சா, அத்தோட கைய எடுத்துடணும். ஜாஸ்தி தொட்டா கல்லாயிடும்."

அக்கறை எடுத்துக்கொண்டால் கெட்டுப்போகும் பண்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது ஜெஸிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். மறுபடி செய்தாள். வெண்ணெயை உதிர்த்தாள், பாலை ஊற்றினாள், வழக்கம்போல் பொறுமை இழந்து கையை எடுத்துவிட்டாள். டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்டி, மேலே பால் தடவி உள்ளே தள்ளினாள். பக்கவாட்டில் வெடித்து, தலை சிவந்து, ஸ்கோன்கள் எழும்பி வந்தன. டென்னிஸ் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றார். அந்த வீட்டில் அதுதான் பாராட்டு.

மெர்லின் சென்னைக்குப் போனபிறகு ஜெஸி புதன்கிழமைதோறும் ஸ்கோன் சுட்டாள். தனக்கு வரும் ஒரே சமையலை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. அவளுக்கு இனிப்பு பிடிக்காது. அதனால் எல்லாவற்றையும் டென்னிஸே தின்ன வேண்டியிருந்தது. ஒரு மாதம் தாங்கினார். பிறகு, "மலையில யாருக்காவது குடேன், பாவம்" என்றார். பாவம் என்றது யாரை என்று அவள் கேட்கவில்லை.

வியாழக்கிழமைகளில் ஜெஸிக்குப் பிரஷர், சர்க்கரை பார்க்கும் வேலை. மலையில் அவளுக்குப் பெரிய தலைவலி பாவாடை என்கிற விவசாயி. மரவள்ளி போட்டிருப்பவர், அறுபதை நெருங்கியவர், பிரஷர் மாத்திரை என்றால் எழுந்து போய்விடுவார். "மாத்திர போட ஆரம்பிச்சா போட்டுக்கினே இருக்கணும்ங்க" என்பார். அது உண்மை என்பதால் ஜெஸியால் மறுக்க முடியாது. ஸ்கோன் டப்பாவோடு ஜெஸி மலையேறிய முதல் வியாழக்கிழமை, மனைவிக்குத் துணையாக வந்த பாவாடை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைசுற்றல். பார்த்தால் பிரஷர் ஏகத்துக்கும் ஏறியிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார். ஜெஸி டப்பாவிலிருந்து ஒரு ஸ்கோனை எடுத்துக் கொடுத்து, தின்னவைத்து, மாத்திரையையும் கண்ணெதிரே விழுங்கவைத்தாள். வாரத்துக்கு வேண்டிய மாத்திரையை மனைவியிடம் கொடுத்து, "வுடாத, பக்கத்துல நின்னு போட வை" என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வியாழக்கிழமை பாவாடைதான் முதல் ஆள்.

"தலசுத்து நின்னுபோச்சிங்க நர்சம்மா. அந்த மருந்துக்குப் பேரு இன்னாங்க?"

ஜெஸி மாத்திரையின் பெயரைச் சொன்னாள்.

"அத்த கேக்கலைங்க. வட்டமா, வெண்ண வாசனையா ஒண்ணு குடுத்தீங்களே."

"அது மருந்தில்லண்ணா. ஸ்கோன்."

"சுக்கோன்" என்று பாவாடை சொல்லிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "சுக்குங்களா. அதான் கேக்குது."

சுக்கு இல்லை, மைதாவும் வெண்ணெயும் சர்க்கரையும்தான் என்று ஜெஸி எவ்வளவோ சொன்னாள். வைத்தியர் மருந்து ரகசியத்தை வெளியில் சொல்லமாட்டார் என்பது அறியாதவரா அவர்? மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் நிலையத்தின் வாசலில் கூட்டம். மாத்திரைக்குப் பயந்து கிழங்குக் காட்டுக்குள் ஒளிந்தவர்கள் எல்லாம், ஜெஸி துரத்தித் துரத்திக் களைத்துப்போனவர்கள் எல்லாம், தாமாக வந்து வரிசையில் நின்றார்கள்.

ஜெஸி யோசித்தாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள். மாத்திரையைத் தின்று தீர்த்த காலி அட்டையைக் காட்டினால்தான் சுக்கோன். மாத்திரையைப் பிதுக்கி எறிந்துவிட்டு வந்து ஏமாற்றலாமே என்று அவளுக்குள் சந்தேகம் இருந்தது. பாவாடை அதைத் தீர்த்துவைத்தார். "பொய் சொல்லி வாங்கினா மருந்து பலிக்காதுங்க" என்றார். அளந்து பார்த்ததில் எல்லோருக்கும் பிரஷர் இறங்கியிருந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் சுக்கோன் கிடையாது. அவர்கள், நல்ல மருந்தைப் பிரஷர்காரர்களுக்கே கொடுக்கிறாள், எங்களுக்கு ஓரவஞ்சனை என்று பேசிக்கொண்டார்கள்.

மலையில் இவ்வளவு பேர் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதை மேலதிகாரிகளால் நம்ப முடியவில்லை. டாக்டர் தமிழழகன் என்ற அதிகாரி ஜீப்பில் ஏறி வந்தார்.

"எப்படிம்மா சாதிச்சீங்க?"

"ஸ்கோன் சார்."

"என்னது?"

"பன்னு மாதிரி சார். வூட்ல செஞ்சி எடுத்தாரேன். மாத்திர போட்டவங்களுக்கு ஒண்ணு."

டாக்டர் சிரித்தார். இவ்வளவு தன்னடக்கம் உள்ள பணியாளரைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று கூட வந்தவரிடம் சொன்னார். இரண்டு ஸ்கோன் தின்றார். போய், 'தொடர் விழிப்புணர்வுப் பேச்சின் மூலம்' என்று எழுதிவிட்டார். சுதந்திர தினத்தன்று கள்ளக்குறிச்சியில் ஜெஸிக்குக் கேடயம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மற்ற நர்சுகளுக்கு விழிப்புணர்வுப் பேச்சு எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுக்கச் சொன்னார்கள். வாழ்நாளில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத ஜெஸி, மேடையில் நின்று உண்மையைத்தான் சொன்னாள். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். 'ஸ்கோன்' என்பது ஏதோ புது ஆங்கிலத் திட்டத்தின் சுருக்கப் பெயர் என்று நினைத்து, அதன் விரிவைக் கேட்டாள் ஒருத்தி.

மலைக்காரர்களுக்கு அது வெறும் பண்டம் என்று புரியவைக்க முடியவில்லை. அதிகாரிகளுக்கு அந்தப் பண்டம்தான் காரணம் என்று புரியவைக்க முடியவில்லை. ஜெஸி இரண்டையும் விட்டுவிட்டாள்.

இதில் உள்ள வியாபாரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஷேக் பரீத் ஒருவர்தான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துப் பக்கம் பேக்கரி வைத்திருப்பவர். ஜெஸி வெண்ணெயும் பேக்கிங் பவுடரும் அவரிடம்தான் வாங்குவாள். மலையிலிருந்து சந்தைக்கு வரும் ஆட்கள் கடையில் வந்து, "சுக்கோன் கீதா பாய்?" என்று கேட்கக் கேட்க, அவர் ஒருநாள் போட்டே விட்டார். பெயருக்கு ஏற்றபடி சுக்கும் தட்டிப் போட்டார். கண்ணாடி அலமாரியில் 'மூலிகை சுக்கோன்' என்று எழுதி ஒட்டினார்.

பாவாடை ஒரு பை நிறைய வாங்கிப் போனார். கடையிலேயே மருந்து கிடைக்கும்போது காலி அட்டைக்கு என்ன வேலை? மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தின்றார். சில நாளில் காட்டுக்குள்ளேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குத் தூக்கி வந்து ஜெஸிக்குச் சொல்லியனுப்பினார்கள். அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. பயம் போனதும் கோபம் வந்தது.

"மாத்திர எங்க?"

"நிறுத்திட்டேங்க. டவுனு சுக்கோன்ல வெறும் வாசன, சத்து இல்ல. நீங்க குடுங்க நர்சம்மா, உங்க கைப்பக்குவம் வராது."

ஜெஸிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவள் சமையலுக்குக் கைப்பக்குவம் உண்டு என்று சொன்ன முதல் மனிதர், அதைச் சொல்லிக்கொண்டே சாகப் பார்த்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். "அண்ணா, சித்த மருந்து குடுத்தா சும்மாவா துன்னுவ?"

"தேன்ல கொழப்பித் துன்னணும். அனுபானம் இல்லாம மருந்து ஏறுமா?"

"அதேதான். மாத்திர போடாம சுக்கோன் துன்னா, பிரஷர் எறங்கவே எறங்காது."

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. பாவாடை எழுந்து உட்கார்ந்தார். "இத்த மொதல்லயே சொல்ல வேணாமா? அந்தச் சின்ன மாத்திரதான் அனுபானம்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளையே கடிந்துகொண்டார். அன்றிலிருந்து அவர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. பரீத் பாய் கடைச் சுக்கோனும் நன்றாகவே ஓடுகிறது. மலைக்காரர்கள் அதை டீக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

ஜெஸிக்கு மனதில் ஓர் உறுத்தல் இருந்தது. சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டு, மன்னிப்பு வழங்கி, தனக்கும் பிரஷர் இருக்கிறது, முட்டை சேர்க்காமல் வருமா என்று கேட்டார். முட்டையே சேர்ப்பதில்லை என்றாள்.

போன ஆடி மாதம் பணியாளர்கள் எல்லோருக்கும் உடல் பரிசோதனை நடந்தது. ஜெஸிக்குப் பிரஷர் இருப்பது தெரிந்தது. மலையில் பாதி ஊரைவிட அவளுக்குத்தான் அதிகம். செய்தி அவளுக்கு முன்பே பஸ்ஸில் மேலே போய்விட்டது. வியாழக்கிழமை வரிசையில் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். பாவாடைதான் வாய் திறந்தார்.

"அந்தம்மா செஞ்சதெல்லாம் நமக்கே குடுத்துட்டாங்க" என்றார் பின்னால் நின்றவர்களிடம். "தனக்குன்னு ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பாத்திருக்கீங்களா யாராவது?"

யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர்கள் முன்னால், கண்ணை மூடிக்கொண்டு, ஜெஸி ஒரு முழு ஸ்கோனைத் தின்று முடிக்க வேண்டியிருந்தது. அவள் நினைத்ததைவிட இனிப்பாக இருந்தது.