மழை வந்தால் அணைந்துவிடும் கணினி

எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அத்தான் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். சட்டை, நாற்காலி, சுவர்க் கடிகாரம், எதுவானாலும் சரி. என் கல்யாணத்துக்கு வந்தவர் நேராக மேடைக்குப் பின்னால் போய், துணியை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் என் கையையே குலுக்கினார். "முன்பக்கத்த யாரு வேணாலும் பளபளன்னு வச்சிருவாங்க மாப்ள. பின்னாடி நூல் தொங்குதான்னு பாரு, ஆள் எப்படின்னு தெரிஞ்சிரும்" என்பார்.

அக்காவின் கணவர். ஜன்னல்களுக்குத் திரை தைப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை: துணி வெட்ட நீள மேசை, இரண்டு தையல் மெஷின், ஓர் இஸ்திரிப்பெட்டி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அறுத்த நூலைத் தரையில் போட மாட்டார். சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். துவைக்கிற அன்றைக்கு அந்தப் பையைக் காலி செய்யும்போது அக்கா முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும்.

பட்டறையின் மூலையில் இருக்கிறது அவருடைய கணினி. வீடியோ பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே பூட்டியது. பக்கவாட்டில் கண்ணாடி; உள்ளே ஒரு வயர் கூடக் கண்ணில் படாது. எல்லாவற்றையும் கறுப்பு நூலால் கட்டி, தன் வழக்கமான முடிச்சைப் போட்டு, தகட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். "விட்டா அதுக்கு லைனிங்கும் வச்சுத் தைப்பாரு" என்பாள் அக்கா.

அதில் அவர் விளையாடுவது ஒரே ஒரு விளையாட்டு, கார்ப் பந்தயம். ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் முன்னால் வரும் பாதையைத் தன் திரையில் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுவது அவர் மகள். வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தொலைபேசியில் இவர்கள் பேசுவதைக் கேட்டால் அழுகையே வரும். "சாப்டியா?" "ம்." "உடம்பு நல்லாருக்கா?" "ம்." அத்தோடு போன் அக்கா கைக்குப் போய்விடும். ஆனால் சனிக்கிழமை மதியம் அந்தக் காருக்குள் ஏறிவிட்டால் அப்பனும் மகளும் ஓயாமல் பேசுகிறார்கள். "இடது வளைவு. இன்னும் ஒடிச்சுத் திருப்பு. மேடு வருது பாப்பா, மெதுவா, மெதுவா. இப்ப விடு." நடுநடுவே விடுதிச் சாப்பாடு, புரியாத பாடம், அறைத்தோழியின் குறட்டை எல்லாம் வந்து விழும். மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அந்தக் காரில் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்து, அதற்காக வார நாட்களிலும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நேரம் பார்த்துத்தான் கணினி மக்கர் பண்ண ஆரம்பித்தது. வெயிலில் சமர்த்தாக ஓடும். விளையாட்டில் மழைக் கட்டம் வந்தால் போதும், திரை கறுத்துவிடும், உள்ளே விசிறிகள் ஓவென்று அலறும். மழைத்துளியும் ஈரச் சாலையின் பளபளப்பும் வரைய கிராபிக்ஸ் கார்டு படாத பாடு படவேண்டும் என்றார்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை மகளை நடுவழியில் விட்டுவிட்டு இவர் காணாமல் போனார். பக்கத்தில் ஆள் இல்லாத கார் பந்தயத்திலிருந்து வெளியே, அதுதான் விதி. இரண்டாம் முறை மகள் கோபப்படக்கூட இல்லை. "இறுதிப் போட்டியிலயும் இப்படி ஆச்சுன்னா, அடுத்ததுக்கு நான் ரூம்மேட்ட சேத்துக்கறேன்பா. நீங்களும் எவ்வளவு நேரம் இதோட மல்லுக்கட்டுவீங்க" என்றாள். அத்தான் "சரி பாப்பா" என்றார். அன்றைக்குத் தைத்த திரையைப் பிரித்துப் பிரித்து மறுபடி தைத்ததாக அக்கா சொன்னாள்.

கோளாறு தேடுவதில் அவருக்கு ஒரு நெறி உண்டு. "நூல் அறுந்தா ஊசிய மாத்து, இல்ல இறுக்கத்த மாத்து. ரெண்டையும் சேத்து மாத்தினா எது திருடன்னு எப்படித் தெரியும்?" கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார், மழை வந்தது, அணைந்தது. மெஷின் துடைக்கும் தூரிகையால் தூசியெல்லாம் எடுத்தார்; அணைந்தது. கண்ணாடியைக் கழற்றி எதிரே மேசை விசிறியை வைத்தார். கார்டு குளுகுளுவென்று இருந்தபடியே அணைந்தது. கார்டை எடுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனார். அங்கே அடைமழையில் ஜோராக ஓடியது. "கார்டு மேல குத்தமே இல்லண்ணே" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வீட்டுலதான் ஏதோ பேய் இருக்கு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்று நான் என் பங்குக்குச் சொன்னேன். அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இறுதிப் போட்டி நாளன்று வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. மனம் ஓரிடத்தில் நிற்காததால் அவர் ஏதோ ஒரு திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா இஸ்திரிப்பெட்டியை எடுத்து வந்து, மெஷின் செருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினாள். மெஷினின் சின்ன விளக்கு மங்கியது. ஊசி தயங்கித் தயங்கி இறங்கியது.

அத்தான் வெடித்தார். "எத்தன தடவ சொல்றது உனக்கு? இஸ்திரிக்குத் தனி லைன்னு சொல்லியிருக்கேன்ல? ரெண்டு பேருக்கும் ஒரே வயர்ல கொடுத்தா எப்படி..."

வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. அக்கா பயந்து பெட்டியைப் பிடுங்கப் போனாள். அவரோ நாடா பறக்க மூலைக்கு ஓடி, தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

விஷயம் இதுதான். மின்சாரம் வாங்க அந்தக் கார்டுக்கு இரண்டு வாய். பவர் பெட்டியோடு இரண்டு வயர் கொடுத்திருந்தார்கள், வாய்க்கு ஒன்றாக. ஆனால் ஒவ்வொரு வயரின் நுனியிலும் இரண்டு தலை இருந்தது. ஒரே வயரை இழுத்து இரண்டு தலையையும் இரண்டு வாயில் மாட்டினாலும் பொருந்தியது. அழகு பார்க்கிற மனிதர் என்ன செய்வார்? ஒன்றோடு நிறுத்திவிட்டு மற்றதைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். வெயிலுக்கு அந்த ஒரு வயர் போதும். மழையில் கார்டு முழு மூச்சாக இழுக்கும்போது தாங்கவில்லை. கடையில் பழக்க தோஷத்தில் இரண்டு வயர் மாட்டியிருப்பார்கள், ஓடியிருக்கிறது.

"நான்தான்டா திருடன்" என்றார் அத்தான். முகமெல்லாம் சிரிப்பு.

பொத்தான்கள் தரையில் கொட்டின, வயர் கிடைத்தது. ஆனால் பின்வழியாக அதை நுழைக்க இடமில்லை. அவருடைய கட்டு அவ்வளவு இறுக்கம். முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்ட நேரம் இல்லை. ஒரு நொடி கையில் வயரோடு தவித்தார். பிறகு முன்பக்கமாகவே குறுக்கே இழுத்து மாட்டினார். தடிமனான கறுப்பு வயர் குடல் சரிந்ததுபோல வெளியே தொங்கியது. கண்ணாடியை மூட முடியவில்லை.

மகளின் குரல் வந்தது. "அப்பா, இருக்கீங்களா?"

"இருக்கேன் பாப்பா. நீ ஓட்டு."

நான் பந்தயம் எதையும் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. அன்று நாற்காலி நுனியில் இருந்தேன். மலைப்பாதை, வெயில், பாலம். பிறகு வானம் இருண்டு முதல் துளி காரின் கண்ணாடியில் விழுந்தது. அக்கா இஸ்திரிப்பெட்டியைக் கையோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், எங்கும் செருகிவிடக் கூடாதே என்று. மழை கொட்டியது. விசிறி வேகமெடுத்தது. அத்தானின் குரல் மட்டும் ஒரே சீராக, தையல் ஓடுவதுபோல ஓடியது. "வலது. நீள வளைவு. தண்ணி தேங்கியிருக்கு, ஓரமா வா. பயப்படாத, நான் இருக்கேன். இடது. இப்ப விடு." திரை அணையவே இல்லை. மழையைத் தாண்டி வெளிச்சத்துக்குள் கார் பாய்ந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

இரண்டாம் இடம்தான். முதல் இடம் மயிரிழையில் போனது. மகளுக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாள். "அடுத்ததுக்குப் பேர் கொடுத்தாச்சுப்பா. நம்ம ரெண்டு பேர் பேர்தான்" என்றாள். அத்தான் கழுத்து நாடாவை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, என்னதான்பா கோளாறு? சொல்லுங்க."

மகள் வீடியோவில் வருகிறாள் என்றால் மேசையில் கிடக்கும் ஒற்றை நூலைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்காருகிறவர் அவர். திரையின் மேல் மாட்டியிருந்த கேமராவைக் கையில் எடுத்தார். தொங்கும் வயர், திறந்த வயிறு, தரையெல்லாம் சிதறிய பொத்தான்கள் எல்லாம் தெரியும்படி அதைக் கணினிப் பக்கமாகத் திருப்பி, நன்றாகக் கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினார்.